கடைசிப் பத்தியில் சிரிக்காதவர்

கண்ணாடிக்காரிக்கு அவள் அக்கா புருஷனைக் கண்டால் ஆகாது. அவருக்கும் இவளைக் கண்டால் ஆகாது. சொத்துத் தகராறு, கல்யாணத்தில் மரியாதை குறைந்தது என்று கௌரவமாக வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் ஒன்றும் இல்லை. எல்லாம் நாவலால் வந்த வினை.

அத்தான் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர். காலைக் காணோம், கொம்பைக் காணோம் என்று மற்றவர்கள் எழுத்தில் நொட்டை கண்டுபிடித்தே தலை நரைத்தவர். எழுதுகிறவர்களைவிட எழுத்தைப் பற்றித் தனக்குத்தான் அதிகம் தெரியும் என்று எந்த வருஷத்திலோ முடிவு செய்துவிட்டார். அதை யாராவது மறுத்துப் பேசினால் மூக்கு நுனி சிவந்துவிடும். இவளோ கண்ணாடிக்கடை நடத்துகிறவள். கண் சோதித்து, பவர் எழுதி, லென்ஸை அளவுக்குத் தேய்த்து ஃபிரேமில் மாட்டிக் கொடுப்பாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நாவல்தான். முதல் பக்கத்திலேயே ஒரு பிணமாவது விழ வேண்டும் அவளுக்கு. பத்தாம் பக்கம் வரைக்கும் யாரும் சாகவில்லை என்றால் எழுதியவரைச் சாகடிக்கலாம் போலிருக்கும்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஆரம்பித்த சண்டை அது. மாப்பிள்ளை, மச்சினியாகப் போகிறவளிடம் பெரிய மனது பண்ணி, "என்னம்மா படிப்பே?" என்று கேட்டார். இவள் சும்மா இருந்திருக்கலாம். மெத்தைக்கு அடியிலிருந்து மாத நாவல் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அட்டையில் ஒரு கத்தியும் ஒரு கையும் இருந்தன.

"இதெல்லாம் நாவலா? பல் தேய்க்கிறப்போ படிக்கிறது" என்றார் அவர்.

"நீங்க சொல்ற நாவலெல்லாம் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பல்லே விழுந்துடுமே" என்றாள் இவள். அப்பா முறைத்தார். அக்கா உள்ளே தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் கல்யாணம் நடந்தது. இருபத்தாறு வருஷமாகச் சண்டையும் நடக்கிறது.

அவர் உயிரை விடும் நாவல் ஒன்று உண்டு. எழுநூற்றுச் சொச்சம் பக்கம். படித்தவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் அலமாரியில் முதல் வரிசையில் நிற்கும். படித்தோம் என்று சொல்கிறவர்கள் வீட்டிலும் நிற்கும். அவர் அதைக் 'காவியம்' என்பார். இவள் அதற்கு வைத்த பெயர் 'செங்கல்'. முதல் எண்பது பக்கம் மழை பெய்யும். சும்மா பெய்யாது, ஆத்மாவோடு சம்பந்தப்பட்டுப் பெய்யும். அப்புறம் கதாநாயகன் உண்மையைத் தேடிக் கிளம்பிப் போய்விடுவான். உண்மை எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. பெண்டாட்டிக்காரி அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு, அவன் தங்கையைக் கட்டிக்கொடுத்து, பத்தொன்பது வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கடைசியில் துரை வந்து நிற்பார். பெண்டாட்டி அவன் காலில் விழுந்து கண்ணீரால் கழுவுவாள். கதை முடிந்தது, எல்லாரும் அழ வேண்டும்.

கண்ணாடிக்காரி அதை இரண்டு தடவை படித்திருக்கிறாள். இரண்டாவது தடவை படித்தது, சண்டை போடுவதற்குப் பாயிண்ட் எடுக்க.

அந்த வெறுப்பு அவள் தொழிலுக்குள்ளும் புகுந்துவிட்டது. கண்ணாடிக்கடைகளில் கிட்டப்பார்வைக்கு ஓர் அட்டை கொடுத்துப் படிக்கச் சொல்வார்களே, பெரிய எழுத்தில் ஆரம்பித்துப் பொடி எழுத்தில் முடியும். கம்பெனி கொடுத்த அட்டை கிழிந்து போனதும், இவள் தானே ஒன்று தயாரித்துக்கொண்டாள். நான்கு பத்தி, நான்கும் தனக்குப் பிடிக்காத நாவல்களிலிருந்து. "புடிச்ச கதையைக் குடுத்தா ஜனங்க கதையில விழுந்துடுவாங்க. புடிக்காததைக் குடுத்தாத்தான் எழுத்தை மட்டும் பாப்பாங்க" என்பது அவள் கண்டுபிடிப்பு. முதல் பத்தி, இருமி இருமியே காதலிக்கிறவன் கதை. இரண்டாவது, மூன்று தலைமுறைக்கு நீளும் பங்காளிச் சண்டை. மூன்றாவது, நிலா வர்ணனை. நான்காவது, இருப்பதிலேயே பொடி எழுத்து, செங்கலின் கடைசிப் பத்தி.

அதில்தான் அவள் ஒரு விஷமம் செய்திருந்தாள். டைப் அடிக்கும்போது அந்தக் கால் கழுவுகிற வரி வந்தது. அவளுக்குக் கை ஓடவில்லை. நம் கடை, நம் அட்டை, யார் கேட்பது? பத்தியை இப்படி முடித்துவிட்டாள்: 'பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவள், வாசலில் நின்ற அவனைக் கண்டாள். யார் வேண்டும் என்று கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.'

இதனால் ஒரு லாபமும் கிடைத்தது. அந்த வரிக்கு வந்ததும் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். நாவலைப் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், படிக்காதவர்களும் களுக்கென்றாவது சிரிப்பார்கள். சிரித்தால் கண் தெரிகிறது என்று அர்த்தம். ஒன்பது வருஷத்தில் அந்தக் கணக்கு தப்பியதே இல்லை.

போன வாரம் அக்கா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, குளியலறைக்குள்ளிருந்து.

"அவருக்குக் கண்ணு சரியில்லடி. தண்ணியை டம்ளருக்குப் பக்கத்துல ஊத்துறாரு. நேத்து கதவு நிலையில தோளை இடிச்சுக்கிட்டு, வீட்டைக் கட்டினவனைத் திட்டுறாரு. இந்த வீட்டுல இருபது வருஷமா இருக்கோம்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"வந்தாத்தானே? அவங்கப்பாவுக்கு இந்த வயசுலதான் ரெண்டு கண்ணும் போச்சு. கண்ணுக்குள்ள அழுத்தம். போனது போனதுதான், முன்னாடியே வந்து சொட்டு மருந்து போட்டிருந்தா மீதியைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அன்னிலேர்ந்து இவருக்குக் கண் ஆஸ்பத்திரின்னாலே நடுக்கம். வெளிய காட்டிக்க மாட்டாரு."

அச்சகத்தில் அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ள முதலாளி தயார். ஆனால் கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் கேட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு மாட்டேன் என்றவர், மச்சினி கடைக்கு என்றால் சரி என்றாராம்.

"அவ அரைகுறை, அவகிட்ட காட்டினா போதும்னாரு" என்றாள் அக்கா.

"வாய்க் கொழுப்பப் பாரு!"

"கோவப்படாம கேளுடி. வேற யாராவதுன்னா மூஞ்சிக்காகக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்க. நீ போட மாட்ட. அவர்மேல உனக்கு அவ்வளவு கடுப்பு. அந்தக் கடுப்பை நம்பித்தான் அனுப்புறேன். கண்ணுல கொஞ்சம் கோளாறு இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போகாம கையெழுத்து இல்லன்னு சொல்லு. இருக்கிற பார்வையாவது தங்கட்டும்."

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றாள் கண்ணாடிக்காரி. சொல்லும்போதே உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

அவர் மறுநாள் பகல் பதினொரு மணிக்கு வந்தார். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். காத்திருக்கிற நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சுவரில் இருந்த தூரப்பார்வை எழுத்துகளை மேலிருந்து கீழே ஒப்பித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல இருந்தார். அவர் முறை வந்தபோது சுவரைப் பார்த்துக் கடைசி வரிசை வரைக்கும் தட்டாமல் சொன்னார். முதலில் வலது கண், பிறகு இடது கண்.

இவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சோதனை ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி, கிட்டப்பார்வைக்கு லென்ஸ் போட்டு, இடது கண்ணை மறைத்து அட்டையைக் கையில் கொடுத்தாள்.

"படிங்க அத்தான்."

அவர் அட்டையை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். பெரிய எழுத்துப் பத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த இருமல் கதையா? இதை எவன் படிப்பான்?" என்று தள்ளினார். இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "பெரிசா இருக்கிறதை எதுக்குப் படிக்கணும்? என்னையென்ன ஒண்ணாங்கிளாஸ் புள்ளைன்னு நெனச்சியா? கடைசியில இருக்கிறது என்ன?"

"உங்க செங்கல்தான். கடைசிப் பத்தி" என்றாள் இவள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதே!

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் படித்தார் பாருங்கள், கடைக்கு வெளியே செருப்புத் தைக்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல் தட்டவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, "பத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தவள், வாசலில் நின்ற அவனைக் கண்டாள். சொல் இழந்தாள். அவன் பாதங்களில் வீழ்ந்து, காத்திருந்த ஆண்டுகளையெல்லாம் கண்ணீராக்கிக் கழுவினாள்" என்று முடித்தபோது அவர் குரலே தழுதழுத்தது.

கண்ணாடிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கழுவினாளாம், கழுவினாள்! பத்தொன்பது வருஷம் எந்தச் சத்திரத்துல தூங்கினேன்னு ஒரு வார்த்தை கேட்டாளா?"

"உனக்கு அது புரியாது. உன் கதையில பொம்பளைன்னா ஒண்ணு கொல்லணும், இல்ல சாகணும்."

"அவளாவது எதையோ செய்யுறா. உங்காளு உக்காந்து வாசலைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கா!"

"அது தவம்மா, தவம்!"

"அவனை உக்காரச் சொல்லுங்க அந்தத் தவத்துல!"

இருபது நிமிஷம் நடந்தது. வலது கண்ணை மறைத்து, அவர் மறுபடியும் முழங்கி, இவள் மறுபடியும் கொதித்து, நடுவில் புது நாவல்கள் பக்கம் பேச்சுத் திரும்பியது. லிஃப்டுக்குள் கொலை நடக்கும் நாவல் ஒன்று அந்த வருஷம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. இவள்தான் அதை அவருக்கு வம்புக்காகவே வாங்கிக் கொடுத்திருந்தாள். "குப்பை. முப்பது பக்கத்துக்கு மேல என்னால முடியல" என்றார் அவர். "லிஃப்ட் மேலேயும் கீழேயும் போகுது, கதை எங்கேயும் போகல." வருஷம் பூராவும் எந்தப் புது நாவலைப் பற்றிக் கேட்டாலும் அவரிடமிருந்து இதே மாதிரி நறுக்கென்று ஒரு வரி வரும். வீட்டில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கோபத்தில் கையெழுத்துப் போட்டாள். தூரப்பார்வை சரி, கிட்டப்பார்வை சரி, இரண்டு கண்ணும் சரி. முத்திரையை ஓங்கிக் குத்தினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கடைசியா ஒரு நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் துழாவினார். அதையும் இவள் பார்த்தாள். பார்த்து என்ன செய்ய? மனசு முழுக்க அந்தக் கண்ணீர்க் கழுவல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தவர் குழாய் ரிப்பேர்க்காரர். கிட்டப்பார்வை மங்கல் என்றார். அட்டையைக் கொடுத்தாள். இருமல், பங்காளி, நிலா எல்லாம் தத்தித் தத்திக் கடந்து, லென்ஸ் மாற்றியதும் பொடி எழுத்துக்கு வந்தார். "யார் வேண்டும் என்று கேட்டாள். கதவைச்..." என்றவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படிப் போடு! சரியான பொம்பளை."

இவளும் வழக்கம்போலச் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

அத்தான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார்? அட்டையில் இல்லாததை அல்லவா அவர் படித்தார்! காலில் விழுவது அட்டையில் எங்கே இருக்கிறது? அதை எடுத்தெறிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் நெஞ்சிலிருந்து ஒப்பித்திருக்கிறார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு தடவை. சுவரில் இருந்ததும் அப்படித்தான், நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் சொன்னதைக் கேட்டே பாடம் பண்ணியிருக்கிறார். அவர் படித்ததை இவள் காது கேட்டது, கேட்ட வரியோடு மல்லுக்கும் நின்றது. அது அட்டையில் இல்லாத வரி என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஊரில் இருக்கிற வேறெந்தக் கண்ணாடிக்கடைக்காரியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். செங்கலைப் படிக்காத எவளும் செய்திருக்கவே முடியாது.

"அக்கா உன் கடுப்பை நம்பி அனுப்பினாளேடி, பாவி" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். குழாய்க்காரர் தன்னைத்தான் சொல்கிறாளோ என்று பயந்துபோனார்.

கடையைச் சாத்திவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கூடத்தில் ஜன்னலோரமாக, மடியில் செங்கலை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு நிமிஷம் வாசலில் நின்று பார்த்தாள். நல்ல வெளிச்சம். ஐந்து நிமிஷம் ஆகியும் அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

"அந்தத் தாளைக் குடுங்க அத்தான்."

"எந்தத் தாளு?"

"நான் கையெழுத்துப் போட்டது. தப்பாப் போட்டுட்டேன்."

அவர் சிரித்தார். "தோத்துட்டேங்கிற வயித்தெரிச்சலா? காவியத்தை நான் படிச்சது உனக்குப் பொறுக்கல."

"நீங்க படிக்கல." பையிலிருந்து அட்டையை எடுத்தாள். "இதுல அவ கால்ல விழல. நான் மாத்தி அடிச்சிருக்கேன். யார் வேணும்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்திடுறா. ஒன்பது வருஷமா இதுல அப்படித்தான் இருக்கு."

அவர் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. கண்ணைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று இவள் காத்திருந்தாள். அவரா சொல்லுவார்?

"மாத்தினியா? அதுல கை வைக்க நீ யாரு? எழுதினவன் ஆறு வருஷம் உக்காந்து எழுதினான். ஒரு கமா போடணும்னாக்கூட நான் மூணு தடவை யோசிப்பேன். நீ முடிவையே மாத்துவியா? கொழுப்பா?"

"ஆமா, கொழுப்புதான். மன்னிப்பு வேணும்னா கேக்குறேன். முதல்ல இதைப் படிங்க." அலமாரியிலிருந்து லிஃப்ட் நாவலை எடுத்து அவர் முன் நீட்டினாள். மடிப்புக் கலையாத புத்தகம், முதுகுகூட விரியவில்லை. "ஒரே ஒரு வரி. எந்தப் பக்கம் வேணாலும்."

"குப்பையெல்லாம் என் வாயால படிக்க முடியாது."

"குப்பைன்னு எப்படித் தெரியும்?"

"முப்பது பக்கம் படிச்சேன்னு சொன்னேன்ல."

"அதுல பிணம் யாரோடதுன்னு சொல்லுங்க பாப்போம்!"

அவர் கையை வீசி அந்தப் புத்தகத்தைத் தட்டிவிட்டார். தட்டிவிட்ட கை ஒரு சாண் தள்ளிக் காற்றில்தான் போனது. புத்தகம் இவள் கையிலேயே இருந்தது.

சமையலறை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"வருஷம் பூரா ஒண்ணுமே படிக்கலையா நீங்க?" என்றாள் அக்கா.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம்தான் வாய் திறந்தார், கூடத்துத் தரையைப் பார்த்துப் பேசுவது போல. பதினொரு மாசமாம். அச்சகத்தில் அவர் கையில் இருந்தது காவியத்தின் மறுபதிப்பு. அதனால் யாருக்கும் தெரியவில்லை, கூட வேலை பார்க்கிற பெண்ணை உரக்கப் படிக்கச் சொல்லி, தப்பு விட்ட இடத்தில் நிறுத்தித் திருத்தியிருக்கிறார். வேறு புத்தகம் கொடுத்தால், "இந்தக் குப்பையை நான் தொட மாட்டேன்" என்று மேஜையில் வீசிவிடுவாராம். பெரியவருக்கு ரசனை அதிகம் என்று முதலாளியும் விட்டுவிடுவார். வீட்டிலும் அதே. அட்டையைத் தடவிப் பார்த்து, யாராவது பேசிக்கொள்வதைக் காதில் வாங்கி, ஒரு வரி திட்டிவிட்டால் போதும். மேற்கொண்டு ஒருத்தரும் கேட்பதில்லை.

"திட்டுறவன் படிச்சிருப்பான்னு எல்லாரும் நம்பிடுறாங்க" என்றார்.

கண்ணாடிக்காரி அந்தப் பதினொரு மாசத்துச் சண்டைகளை நினைத்துப் பார்த்தாள். கண் தெரியாத மனுஷனோடு, அவர் படிக்காத புத்தகங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவள் வெட்கப்பட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

"தாளைக் குடுங்க அத்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"குடுக்க மாட்டேன். ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்தை எனக்கு விட்டுடு. அச்சகத்துல ஏதாவது பண்ணிச் சமாளிச்சுக்குவேன்."

"அதுக்குள்ள இருக்கிறதும் போயிடும்."

"போகட்டும். என் கண்ணு."

"அப்ப முதலாளிக்கு நானே போன் பண்றேன்."

அவர் எழுந்து நின்றார். "பண்ணுவே. இதுக்குத்தானே இருபத்தாறு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தே? நான் குப்புற விழணும், நீ பாத்துச் சிரிக்கணும். சிரி. நல்லாச் சிரி."

"ஆமாய்யா, நீங்க விழணும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்!" என்று இவளும் கத்தினாள். "வாதத்துல விழணும்னு! ஒரே ஒரு தடவை, 'நீ சொல்றதும் சரிதான்'னு சொல்லணும்னு! கண்ணு போய் விழணும்னு எந்தப் பாவி நெனைப்பா?"

அக்கா வந்து அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் எந்தப் பக்கமாக வந்தாள் என்பதையே அவர் பார்க்கவில்லை. தங்கையிடம் கொடுக்காமல், படிக்காமல், அக்கா அதை நான்காகக் கிழித்துப்போட்டாள்.

"உன்னை நம்பினேன் பாரு" என்றாள் தங்கையைப் பார்த்து. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆட்டோவில் அவர் அக்காவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மச்சினி இருக்கிற திசைக்கே முகத்தைத் திருப்பாமல் வந்தார்.

கருவிகளை வைத்துப் பார்த்தார்கள், மருந்து விட்டுப் பார்த்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, அதிகம் பேசவில்லை. இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம் இருக்கிறது. இன்றைக்கே மருந்து ஆரம்பித்தால் அதைக் காப்பாற்றலாம், இன்னும் சில மாசம் விட்டிருந்தால் அதுவும் இருக்காது என்றாள். அக்கா கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"இருக்கிறது எவ்வளவுன்னு குறிச்சுக்கணும்" என்று சொல்லி டாக்டரம்மா அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரித் தாள்தான். சொட்டு மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று அச்சடித்தது. எழுதியவர் பேர் கிடையாது, கதை கிடையாது, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

கண்ணாடிக்காரி கதவோரம் நின்று கேட்டாள்.

"கை... களை..." என்றார் அத்தான். தாளைக் கொஞ்சம் சாய்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தார். "கைகளை நன். நன்றாக. கழு..." நெற்றியில் வேர்த்தது. ஒரு வரி முடிந்து அடுத்த வரியைத் தேடினார், அது கிடைக்காமல் பழைய வரியிலேயே வந்து விழுந்தார், விரலை வைத்து மறுபடியும் தேடினார். எழுத்துக் கூட்டுகிற குழந்தைக்காவது அடுத்த வருஷம் சரளமாகப் படித்துவிடலாம் என்று இருக்கும்.

அந்தக் குரல் ஒரு வரியிலாவது தடுமாறாதா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பாள் அவள்! இப்போதோ, 'போதும் அத்தான், நெஞ்சிலேர்ந்து ஏதாவது சொல்லிடுங்க, முழங்கிடுங்க, நான் பேசாம கேட்டுக்கிறேன்' என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

அவர் படித்துக்கொண்டுதான் இருந்தார். விடவில்லை. ஒவ்வொரு சொல்லாக, தெரிந்ததை மட்டும், தெரியாததை ஊகித்துச் சொல்லாமல். நான்கு வரி வந்தது. ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"இதுக்குக் கீழ எனக்குத் தெரியலம்மா" என்றார்.

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டாள்.